கல்லூரி ஊழியர்களுக்கு டிஜிட்டல் பேட்ஜ்: எந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு?



என் அக்கா மகள் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். வேறொரு கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தபோது, கனமான ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, இதையெல்லாம் வரிசையா அடுக்கித் தாங்க. எதை முன்னாடி வைக்கிறதுன்னே தெரியல" என்றாள். திறந்து பார்த்தால் 40-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள். வண்ண வண்ணமான ஓரங்கள், இரண்டு மூன்று கையெழுத்துகள், கல்லூரிச் சின்னங்கள்.

பெரும்பாலானவை 2020 ஊரடங்குக் காலத்தில் வந்தவை. அந்த மாதங்கள் பலருக்கும் நினைவிருக்கும். தினம் ஒரு வெபினார், தினம் ஒரு வினாடி வினா. கூகுள் படிவத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் அளித்தால் அடுத்த நிமிடமே மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். பதில் தவறானால் மறுபடியும் முயலலாம்.

நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதில் எதைப் படித்த பிறகு உன் வகுப்பில் ஏதாவது மாறியது?" கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கோப்பிலிருந்து இரண்டே தாள்களை உருவினாள். ஒன்று, 12 வாரம் படித்து நேரில் தேர்வு எழுதி வாங்கியது. மற்றொன்று ஒரு பயிற்சி முகாமில் வாங்கியது. அங்கே அவள் எழுதிய பாடத்திட்டத்தைத் திருத்தித் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுத வைத்த பிறகே சான்று தந்திருக்கிறார்கள். மீதியெல்லாம் பெயர் அச்சடித்த தாள்கள்தாம்.

இன்று கல்லூரிகளில் "டிஜிட்டல் பேட்ஜ்" என்ற பேச்சு வளர்ந்து வருகிறது. ஆசிரியர்களும் அலுவலர்களும் தொடர்ந்து கற்றுக்கொள்ள அது ஊக்கம் தரும் என்கிறார்கள். நம் குடும்பங்களில் கல்லூரி வேலைக்குப் போகும் பெண்களும் ஆண்களும் அதிகமாகிவிட்டார்கள். நம் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். ஆகவே இது என்ன, எங்கே பயன், எங்கே ஏமாற்றம் என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பேட்ஜ் என்றால் என்ன?

பேட்ஜ் நமக்குப் புதியதல்ல. சாரணர் இயக்கத்தில் இருந்த பிள்ளைகளின் சட்டையில் சின்னச் சின்னத் துணி வில்லைகளைப் பார்த்திருப்போம். முதலுதவி கற்றால் ஒன்று, சமையல் கற்றால் ஒன்று. ஒவ்வொன்றும் 'இந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு வேலை தெரியும்' என்று சொல்லும். பட்டம் மூன்று வருடப் படிப்பை மொத்தமாகச் சொல்கிறது. பேட்ஜ் ஒரே ஒரு திறனைத் தனியாக எடுத்துச் சொல்கிறது.

இதையே இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா அமைப்பு, அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் ஆதரவோடு 2011-இல் 'ஓப்பன் பேட்ஜ்' என்ற திட்டத்தை அறிவித்தது. எந்தக் கல்லூரியும் எந்த அமைப்பும் ஒரே முறையில் பேட்ஜ் வழங்கவும், எவரும் அதைச் சரிபார்க்கவும் ஒரு பொது விதியை உருவாக்கியது. 2017-இல் அந்தப் பொறுப்பு ஐஎம்எஸ் குளோபல் என்ற கல்வித் தொழில்நுட்ப அமைப்பிடம் போனது. அந்த அமைப்பு 2022 முதல் ஒன்-எட்டெக் என்று அழைக்கப்படுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் டிஜிட்டல் பேட்ஜ் ஒரு சிறிய படம். ஆனால் அந்தப் படத்துக்குள் சில விவரங்கள் பதிந்திருக்கும். யார் வழங்கினார், யாருக்கு வழங்கினார், எந்தத் தேதியில், எதைச் செய்து காட்டியதற்காக, அதற்கு என்ன ஆதாரம், எதுவரை செல்லும் என்பவை அவை. பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியைக்கூட யாரும் நேராகப் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றிப் பதியலாம். படத்தைச் சொடுக்கினால் வழங்கியவரின் தளத்தில் விவரம் திறக்கும். தாள் சான்றிதழை நகலெடுத்துப் பெயரை மாற்றிவிட முடியும். முறையாக வழங்கிய பேட்ஜில் அப்படிச் செய்தால் சரிபார்க்கும்போது பிடிபட்டுவிடும்.

ஸனதும் பேட்ஜும்

மத்ரஸாவில் படித்த எனக்கு இதைக் கேட்டவுடன் ஸனதும் இஜாஸாவும் நினைவுக்கு வந்தன. வீராணம் ஏரிக்கரை ஓரத்திலுள்ள லால்பேட்டையில் மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியின் பட்டமளிப்புக்குப் போனவர்களுக்கு ஸனது என்ற சொல் புதிதல்ல.

பழைய காலத்து இஜாஸா, பொதுவாக 'இவர் நன்றாகப் படித்தவர்' என்று எழுதப்படும் தாள் அல்ல. இந்த மாணவர் இந்த நூலை என்னிடம் ஓதினார், நான் அதை இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று சங்கிலியாகப் பெயர்கள் வரும். எந்த நூல் என்பது தெளிவாக இருக்கும். ஒரு நூலுக்கு இஜாஸா பெற்றவர் இன்னொரு நூலுக்குத் தனியாகப் பெற வேண்டும். ஹதீஸ் கலையில் செய்தியைப் பார்ப்பதற்கு முன் அதைச் சொன்னவர் யார், அவர் நம்பகமானவரா என்று பார்த்தார்கள். அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கென்றே தனிக் கலை வளர்ந்தது.

டிஜிட்டல் பேட்ஜைப் பார்க்கும்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். வழங்கியவர் யார்? அந்தத் துறையில் அவருக்கு என்ன தகுதி? பெற்றவர் எதைச் செய்து காட்டினார்? அதை யார் பார்த்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அது சான்று. இல்லையென்றால் அது வெறும் படம்.

பக்கத்து விருத்தாசலம் பீங்கான் ஊர். அங்கே இதை இன்னும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கிண்ணத்தின் அடியில் முத்திரை குத்த ஒரு நொடி போதும். அந்தக் கிண்ணம் சூளைச் சூட்டைத் தாங்கி, விரிசல் விடாமல் வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரைக்கு மதிப்பு.

நம் நாட்டில் ஏற்கெனவே இருப்பவை

இதற்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அதுதான் என்பிடெல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐஐடி அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. முதலில் பாட வீடியோக்கள் மட்டும் வந்தன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உள்ள பாடங்கள் வருகின்றன. பாடத்தில் சேரவும் வீடியோ பார்க்கவும் பணம் தேவையில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் செலுத்தி, அடையாள அட்டையோடு தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

மதிப்பெண் முறையையும் பாருங்கள். வாரா வாரம் செய்யும் பயிற்சிக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 எடுத்தால்தான் சான்றிதழ். மொத்தம் 60 முதல் 74 வரை எடுத்தவருக்கு 'எலைட்', 75 முதல் 89 வரை 'எலைட்' உடன் வெள்ளி, 90-உம் அதற்கு மேலும் எடுத்தவருக்குத் தங்கம். சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தொடர்ந்து பல பாடங்களை முடிப்பவர்களுக்கு 'டிசிப்ளின் ஸ்டார்', 'பிலீவர்' போன்ற பட்டங்களையும் கொடுத்துப் பெயரை வெளியிடுகிறார்கள். பேட்ஜ் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இது பேட்ஜ் செய்யும் வேலையேதான். மாணவர்களோடு ஆசிரியர்களும் அதே தேர்வை எழுதுகிறார்கள். தன் மாணவியோடு ஒரே அறையில் உட்கார்ந்து தேர்வு எழுதிய பேராசிரியைகள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைதான்.

2017 ஜூலையில் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. 2018-இல் அதன் வழியே 'அர்பித்' என்ற ஆண்டுப் புத்தாக்கப் பயிற்சி தொடங்கியது. 40 மணி நேரப் பாடம், பாதி வீடியோ, பாதி மற்ற வடிவங்கள். படித்து முடித்துத் தேர்வில் வென்றால் ஒரு 'ரெஃப்ரெஷர்' வகுப்புக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. அதுவரை ரெஃப்ரெஷர் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்த் தங்க வேண்டும். கைக்குழந்தை உள்ள ஆசிரியைக்கு அது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதவி உயர்விலும் இதற்கு இடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் 10-ஆம் நிலையிலிருந்து 11-ஆம் நிலைக்கு உயர, 21 நாள் அறிமுகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதோடு வேறு சில தகுதிகளில் ஒன்றும் வேண்டும். மின்-சான்றிதழுடன் முடித்த இணையவழிப் பாடம் அந்தத் தகுதிகளில் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 111 மையங்கள் வழியே உயர்கல்வி ஆசிரியர்கள் 15 லட்சம் பேருக்குப் பயிற்சி தருவது அதன் நோக்கம்.

பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஏஐசிடிஇ நடத்தும் பயிற்சி இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. கற்பித்தல் முறை, மதிப்பீடு என்று 8 தொகுதிகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஸ்வயம் வழியே தனித்தனியாக முடிக்கலாம். சென்னை தரமணியிலுள்ள தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிக் கழகம் அதில் பங்கெடுக்கிறது. ஒரே மூச்சில் மலையேறச் சொல்லாமல், எட்டுப் படிகளாகப் பிரித்துத் தருவதுதான் பேட்ஜ் முறையின் உயிர்நாடி.

வெளியே பார்த்தால், பின்லாந்தின் ஊலு நகரிலுள்ள பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகம் தொழிற்கல்வி ஆசிரியர்களின் டிஜிட்டல் கற்பித்தல் திறனுக்கு ஓப்பன் பேட்ஜ் வழங்கியது. அயர்லாந்தில் உயர்கல்விக் கற்பித்தலை மேம்படுத்தும் தேசிய மன்றம், ஆசிரியர்களுக்கான குறும்பாடங்களுக்கு பேட்ஜ் தந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உட்கார்ந்து கேட்டதற்காக பேட்ஜ் தருவதில்லை. கற்றதைத் தன் வேலையில் செய்துபார்த்து, அதற்கான ஆதாரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.

பேட்ஜ் உண்மையில் ஊக்கம் தருமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவிடம் முன்னதாகவே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாத சாதாரண நேரத்தில் குழந்தைகளைக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்று, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தக்கூடியதே. கற்பிப்பதில் ஆசையுள்ள ஆசிரியரிடம், "இந்த ஆண்டு ஐந்து பேட்ஜ் எடுத்தே ஆக வேண்டும்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் என்ன நடக்கும்? எது எளிதோ அந்த ஐந்தை எடுப்பார். நாக் மதிப்பீட்டுக் குழு வரும்போது எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை கேட்கப்படுவதால், நிர்வாகமும் எண்ணிக்கையையே துரத்தும். கடைசியில் என் அக்கா மகளின் கோப்பு மாதிரி 40 தாள்கள் மிஞ்சும்.

நம் மார்க்கத்தில் செயல்களுக்கு நிய்யத் அடிப்படை என்று சொல்லி வளர்க்கிறோம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் நல்ல காரியம்கூட உள்ளே வெறுமையாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் பேட்ஜே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உழைத்தவரின் உழைப்பைத் தெரியப்படுத்துவது வேறு, தெரியப்படுத்துவதற்காக உழைப்பது வேறு. நல்ல பேட்ஜ் முதலாவதைச் செய்கிறது. 12 வாரம் இரவு பத்து மணிக்கு மேல் கண்விழித்துப் படித்த ஒருவரின் உழைப்பு, பத்து நிமிட வினாடி வினாவுக்குக் கிடைத்த தாளோடு ஒரே கோப்பில் சமமாகக் கிடக்கக் கூடாது. அந்த அநீதியைச் சரிசெய்யத்தான் பேட்ஜ் தேவை.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவும். பல சுயநிதிக் கல்லூரிகளில் எத்தனை படித்தாலும் சம்பளம் அப்படியே நிற்கிறது. தேர்வுக் கட்டணமும் ஆசிரியரின் கையிலிருந்துதான் போகிறது. ஊழியரின் செலவிலும் தூக்கத்திலும் கல்லூரி தன் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்வதற்கு ஊக்குவிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

எல்லோரும் மறந்துபோகும் மேசை

பயிற்சி என்றவுடன் நாம் ஆசிரியர்களை மட்டுமே நினைக்கிறோம். கல்லூரியில் நூலகர் இருக்கிறார், ஆய்வக உதவியாளர் இருக்கிறார், அலுவலக எழுத்தர் இருக்கிறார். அவர்கள் தெரிந்துவைத்திருப்பதும் தெரியாமல் விடுவதும் நம் பிள்ளைகளை நேரடியாகப் பாதிக்கும்.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை. அத்தா கூலி வேலை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வர வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கான உதவியாகத் தொடங்கியது அது. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் வந்தது, இவளுக்கு வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் "வரும்மா, வரும்" என்றார்கள். பல மாதம் கழித்து ஒருவர் பொறுமையாகப் பார்த்தபோதுதான், அவளுடைய வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை என்று தெரிந்தது. அரைமணி நேர வேலை. அதுவரை பேருந்துச் செலவுக்கு அவளுடைய அம்மா கடன் வாங்கியிருக்கிறார்.

அந்த அலுவலர் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே கல்லூரியின் ஆசிரியர்களிடம் சான்றிதழ்கள் குவிந்து கிடந்தன. அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கு ஒருநாள் பயிற்சிகூட இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிழையின்றி ஏற்றுவது, ஆதார் இணைப்பைச் சரிபார்ப்பது, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திரும்பச் சமர்ப்பிப்பது ஆகியவற்றைச் செய்து காட்டியவருக்கு ஒரு பேட்ஜ் என்று வைத்திருந்தால், எந்தச் சர்வதேசக் கருத்தரங்கையும்விட அது அந்த வீட்டுக்குப் பயன்பட்டிருக்கும்.

ஒரு கல்லூரி எப்படித் தொடங்கலாம்?

நம் சமுதாயத்தின் கல்லூரிகள் தமிழகமெங்கும் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது. சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இல் தொடங்கின. இப்படி மூத்த கல்லூரிகளும், நேற்றுத் தொடங்கிய சிறிய கல்லூரிகளும் நம்மிடம் உண்டு. அவற்றின் நிர்வாகக் குழுக்களில் நம் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவனத்துக்குச் சில யோசனைகள்:

1. முதல் ஆண்டில் மூன்று அல்லது நான்கு பேட்ஜ் போதும். கல்லூரியின் உண்மையான தேவையிலிருந்து அவற்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வழியில் படித்துவந்த மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தைப் புரியவைத்தல், நல்ல வினாத்தாள் தயாரித்தல், ஆய்வகப் பாதுகாப்பு, உதவித்தொகை வழிகாட்டுதல் போன்றவை நல்ல தொடக்கம்.

2. வருகைப் பதிவுக்கு பேட்ஜ் தராதீர்கள். செய்து காட்டியதற்கு மட்டும் தாருங்கள். வினாத்தாள் பேட்ஜ் என்றால், ஆசிரியர் தயாரித்த வினாத்தாளை வேறு துறை மூத்தவர் ஒருவரும் வெளிக்கல்லூரி ஆசிரியர் ஒருவரும் பார்த்துக் குறை சொல்லி, அவர் திருத்திய பிறகு தர வேண்டும். நிராகரிக்கவே முடியாத பேட்ஜுக்கு மதிப்பு இருக்காது.

3. தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பல கல்லூரிகள் பாடங்களுக்குப் பயன்படுத்தும் 'மூடில்' என்ற இலவச மென்பொருளில் ஓப்பன் பேட்ஜ் வழங்கும் வசதி 2013 முதலே இருக்கிறது. யார் எதை முடித்தால் பேட்ஜ் என்று அதிலேயே விதி அமைக்கலாம்.

4. பதிவேட்டைக் கல்லூரியே காப்பாற்ற வேண்டும். பேட்ஜ்களைச் சேர்த்துவைக்க மோசில்லா நடத்திய 'பேக்பேக்' சேவையே பின்னாளில் மூடப்பட்டு, பயனாளர்கள் வேறொரு தளத்துக்கு மாற வேண்டியிருந்தது. வழங்கியவரின் தளம் மறைந்தால் பேட்ஜைச் சரிபார்க்க வழியில்லாமல் போகலாம். ஊழியர்களும் ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. பேட்ஜுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவது, பாடம் முடியும் வரை வாரம் இரண்டு வகுப்பைக் குறைத்துக் கொடுப்பது, ஊதிய உயர்வில் கணக்கில் கொள்வது. இவற்றில் ஒன்றாவது வேண்டும். எதுவுமே முடியாத சிறிய கல்லூரி, குறைந்தபட்சம் கற்றவரை மற்றவர்களுக்குச் சொல்லித்தர அழைக்கலாம். கற்றதைக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே பெரிய மரியாதை.

6. கட்டாயப்படுத்தாதீர்கள். யாரிடம் எத்தனை பேட்ஜ் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டாதீர்கள். பட்டியலில் கடைசியில் இருப்பவர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாய் இருக்கலாம்.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் ஆசிரியர் அல்ல. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு மகளோ மருமகளோ மகனோ கல்லூரியில் வேலை பார்க்கக்கூடும். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறி, மாலை ஐந்துக்குத் திரும்பி, சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து, பத்து மணிக்கு மேல்தான் அவள் பாட வீடியோவைத் திறக்கிறாள். "வேலைதான் கிடைச்சிருச்சே, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்காதீர்கள். இஷாவுக்குப் பிறகு வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வாரப் பாடத்தைப் பாதியில் விடுவதும் முழுதாக முடிப்பதும் பல வீடுகளில் அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்ததுதான்.

இணையத்தில் பணம் கட்டினால் உடனே "சர்வதேச பேட்ஜ்" தருகிறோம் என்று வரும் விளம்பரங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வழங்கும் நிறுவனத்தை உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்கிறதா? தேர்வோ செய்முறையோ உண்டா? வழங்கிய பின் அவர்களின் தளத்தில் எவரும் சரிபார்க்க முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது, கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இனி இன்னொன்றையும் கேளுங்கள். "உங்கள் ஆசிரியர்களும் அலுவலர்களும் போன வருடம் என்ன கற்றுக்கொண்டார்கள்? அதனால் இங்கே என்ன மாறியது?" பதில் சொல்லத் தெரிந்த கல்லூரி நல்ல கல்லூரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

என் அக்கா மகளின் கதைக்கு வருகிறேன். அவளுடைய கோப்பில் கடைசியில் ஆறு தாள்களை மட்டும் வைத்தோம். அந்த இரண்டையும் முதலில் வைத்தோம். ஒவ்வொன்றின் பின்னாலும், கற்றதை வகுப்பில் எப்படிச் செய்தாள் என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். நேர்முகத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் அந்த அரைப் பக்கங்களிலிருந்தே வந்தனவாம். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை, அவளைவிட அனுபவம் மிக்கவருக்குப் போனது. திரும்பி வந்து, "பரவாயில்ல மாமா, முதல் தடவையா நான் என்ன சொல்லித்தர்றேன்னு யாரோ கேட்டாங்க" என்றாள்.

அடுத்த பருவத்தில் அவள் இன்னொரு 12 வாரப் பாடத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். இந்த முறை அவளுடைய கல்லூரி அலுவலகத்து எழுத்தர் ஒருவரும் கணினிப் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம். இருவருக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தந்து, அதன்படி செயல்படும் வாய்ப்பையும் தருவானாக.